வெல்வெட் பெட்டியில் மூன்று பதக்கங்கள்

"இது திருகோணமலையில குடுத்தது." முக்காலியில் திறந்திருந்த வெல்வெட் பெட்டியிலிருந்து, கராம்பு மணக்கும் விரல்களால் முதல் பதக்கத்தைத் தூக்கிக் காட்டினார் ஜுனைதீன். "நடுக்கடல்ல போதைத் தூள் கடத்தின படகு ஒண்ட விரட்டிப் புடிச்சதுக்கு."

உக்குவளையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்த நஸ்மியா முக்காலிப் பக்கம் குனிந்தார். மாப்பிள்ளை ஹஸீப், கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்க மறந்து உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அவனுகள் சுட்டிருந்தா?" என்றார் நஸ்மியா.

"சுட்டானுகளே! போட்ல மூணு ஓட்ட."

"யா அல்லாஹ்! பயமா இருக்கல்லயா, நானா?" அண்ணன் முறை சொல்லிக் கேட்டார் நஸ்மியா.

"பயமில்லாம? அண்டைக்கு ஒரு வாய் சோறு எறங்கல்ல. மஸீனா கஞ்சி காய்ச்சித் தந்தா. அதயும் வெச்சிட்டு துஆ கேட்டுக்கொண்டே இருந்தேன்."

அடுப்படியில் அவர் மனைவி மஸீனா இருமினார். ஜுனைதீன் அவசரமாக அடுத்த பதக்கத்தை எடுத்தார்.

இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களும் தேநீர் ஆறுவதற்குள் எழுந்து போயிருந்தன. இதுவும் போனால் இனி யார் முன்னாலும் தட்டு ஏந்தி வரமாட்டேன் என்று மகள் பஸ்லா காலையிலேயே சொல்லிவிட்டாள்.

"இது வில்கமுவ வெள்ளத்துக்கு. வயலுக்கு மேலால படக ஓட்டிப் போய், கூரையில நிண்ட ஆக்கள எறக்கினது. ஒரு ஆடும் சேத்து."

"ஆட்டுக்கும் மெடல் குடுத்தாங்களா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா ஸக்கரியா.

"அது நேவித் தொப்பியத் திண்டுட்டு, மச்சான்! வேற மெடல் எதுக்கு?"

சிரிப்பு அடங்கியதும் மூன்றாவதை எடுத்தார். அதன் நீலநாடா ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு துண்டுக் கடலாக மின்னியது.

"இது தூரப் பயணத்துக்கு. அந்த வருஷம் ரெண்டு பெருநாளும் கடல்லதான் போச்சி. வட்டிலாப்பத்த வெட்டவே மனசு வரல்ல."

நஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒளிக்காம சொல்றேன் நானா. 'நேவிக் குடும்பம்' எண்டு புரோக்கர் சொன்னப்ப எனக்கு விருப்பமில்ல. எங்கட ஹஸீப் கரப்பானக் கண்டாலே கதிரையில ஏர்ற ஆளு."

"உம்மா!"

"சும்மா இரு. ஆனா இப்பச் சொல்றேன். இந்த மெடல் வாங்கின ஆளு எங்க குடும்பத்துல ஒராளாகிறது எங்களுக்குத்தான் பெரும."

"பேச்சு மாறமாட்டீங்கதானே?" என்றார் ஜுனைதீன்.

"அல்லாஹ்வுக்காக, மாறமாட்டேன்."

ஜுனைதீன் நீளமாக மூச்சு விட்டார். திரை விலகியது. தேநீர்த் தட்டோடு வந்த பஸ்லா, முக்காலியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன வாப்பா, நாளைக்கு பரேட்டுக்கு என்ட மெடல நான் குத்த வாணாமா?"