தராசுத் தட்டில் குழந்தை

காய்கறிப் பையைத் தோளில் மாட்டத்தான் கையை விட்டான். திரும்பினால் குழந்தையைக் காணோம்.

எள் போட்டால் எள் விழாத கூட்டம். எந்தப் பக்கம் பார்த்தாலும் இடுப்புகளும் கூடைகளும்தான் தெரிந்தன.

“குட்டிமா!” என்று கத்தினான். நாலைந்து குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. அதில் அவனுடையது இல்லை.

“என்ன கலர் சட்டை போட்டிருக்கு?” என்று கேட்டாள் கீரைக்காரம்மா.

காலையில் மனைவிதான் உடுத்திவிட்டாள். நீலம் என்றான். பிறகு பச்சை என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெங்காயக்காரர் கடையைக் கைகாட்டினாள்.

தொலைந்த குழந்தைகளை வெங்காயக்காரரின் பெரிய தராசுத் தட்டில் உட்கார வைப்பது அந்தச் சந்தையில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். தட்டு ஆடுகிற சுகத்தில் எந்தக் குழந்தையும் அழுகையை மறந்துவிடும். என் பிள்ளை என்று யார் வந்து நின்றாலும் கொடுக்கமாட்டார்கள். குழந்தை யாரிடம் தானாகப் போகிறதோ, அவரிடம்தான் விடுவார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். யார் காலை மிதித்தான், யார் திட்டினார்கள் என்று அவனுக்கே தெரியாது. லாரிகள் நிற்கும் பக்கம் மட்டும் பார்க்கப் பயந்தான்.

தட்டில் குழந்தை உட்கார்ந்திருந்தது. மஞ்சள் கவுன். கையில் ஒரு வெங்காயம்.

போன உயிர் திரும்பி வந்தது. பாய்ந்து தூக்கப் போனான்.

குழந்தை வீறிட்டு அலறி, வெங்காயக்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

பின்னாலிருந்து ஒரு கை அவன் காலரைப் பிடித்தது. ஆள் முழியே சரியில்லை என்று யாரோ சொன்னார்கள். முதல் அடி விழுந்துவிட்டால் இந்தக் கூட்டத்தில் யாரும் தடுக்கப் போவதில்லை. அது போகட்டும், குழந்தையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் அவன் பயம்.

“இது உங்கப்பாவா, கண்ணு?” என்று வெங்காயக்காரர் கேட்டார்.

குழந்தை இல்லை என்று தலையாட்டியது. “அப்பா போனுக்குள்ள இருக்காரு.”

கப்பல் வேலை. குழந்தை பிறந்த பிறகு அவன் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை, அதுவும் முந்தாநாள்.

போனை எடுத்தான். பின்பக்கக் கேமராவைத் தன் பக்கம் வைத்து, திரை குழந்தைக்குத் தெரியும்படி நீட்டிப் பிடித்தான். திரைக்குள் அவன் முகம் வந்தது.

அலறல் நின்றது. குழந்தை வெங்காயத்தைப் போட்டுவிட்டுத் தட்டிலிருந்து இறங்கி ஓடிவந்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டது.

காலரில் இருந்த கை மெல்ல விலகியது.

குழந்தை அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து தினமும் கேட்கிற கேள்வியைத் திரையிடம் கேட்டது.

“அப்பா, எப்ப வருவே?”