ரவுண்டானாவில் ஒரு ரிக்ஷா

"இன்னும் இன்னா கண்ணாடி வேண்டிக்கீது? சீக்கிரம் வா புஷ்பம். நேரமாச்சுன்னா முன்னாடி எடம் கெடைக்காது."

வெள்ளைத்துரை குடிசை வாசலில் நின்று சைக்கிள் ரிக்ஷாவின் மணியை விடாமல் அடித்தான். சலவைச் சட்டை. மீசைக்கு எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருந்தான்.

புஷ்பம் பூவைச் செருகியபடியே வந்து வண்டியில் ஏறினாள். "ஏன்யா, மாஸ்டரு நெஜமாலுமே உன்னத்தான் சிலையா செஞ்சிக்கீறாரா? ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துக்கீறே. அசிங்கப்படப் போறோம்."

"எட்டு நாளு அவரு ஊட்டுல போயிக் குந்திக்கினு இருந்தேனே, சும்மாவா? இப்டித் திரும்பு, அப்டித் திரும்புன்னு வரைஞ்சிக்கினே இருந்தாரு. வேற எவன் மூஞ்சிய வெப்பாரு?"

ஏறி மிதித்தான். வண்டி பறந்தது.

தியாகராய நகர் கடைவீதி முனையை ஆறு மாதமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இப்போது அகலமான நடைபாதை, பூச்செடிகள், நடுவில் ஒரு ரவுண்டானா. அதில் தலைவர் யாருக்கும் சிலை வேண்டாம், இந்தத் தெருவில் உழைத்தவனுக்கு வைப்போம் என்று வியாபாரிகள் சேர்ந்து முடிவு செய்தார்கள். கைரிக்ஷாவை அரசாங்கம் நிறுத்தி, சைக்கிள் ரிக்ஷா கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். "கைரிக்ஷாவையே சிலையா வெச்சுடலாம். நான் பண்ணித் தரேன்" என்றவர் கல்யாணராமன்.

மயிலாப்பூர்க்காரர். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போய், கக்கத்தில் கட்டையை வைத்து நடப்பவர். பதினோரு வருஷம், காலையில் பள்ளிக்கூடத்துக்கும் சாயங்காலம் வீட்டுக்கும் அவரை வைத்து இழுத்தவன் வெள்ளைத்துரை. முழங்கால் தண்ணீர் நின்ற மழை நாளில்கூட அவருடைய முதல் மணி தவறியதில்லை.

சிலையை மட்டும் அவர் அவன் கண்ணில் காட்டவில்லை. "இப்போ பாக்கப்படாது. தெறக்கற அன்னிக்குப் புஷ்பத்தையும் அழைச்சுண்டு வந்துடு" என்று சொல்லிவிட்டார்.

ரவுண்டானாவைச் சுற்றி ஏகப்பட்ட கூட்டம். பஸ்ஸை எல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். வெள்ளைத்துரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி வுடு நைனா, நம்ம சிலைதான்" என்று சொல்லிச் சொல்லியே முன் வரிசைக்குப் போய்விட்டான். ரிக்ஷா ஸ்டாண்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள்.

"இன்னா மச்சி, மாப்ள மாதிரி வந்துக்கீறே?" என்றான் ஸ்டாண்டில் அவனுக்குப் பக்கத்து வண்டிக்காரன் ஷாஹுல் ஹமீது.

"துணிய எடுக்கட்டும். அப்பால பேசு."

மேடை ஓரத்தில் கல்யாணராமன் கட்டையை ஊன்றி நின்றிருந்தார். கூட்டத்தில் இவனைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தரம் தலையாட்டினார். வெள்ளைத்துரை மீசையை இன்னொரு தரம் முறுக்கிக்கொண்டான்.

பேச்செல்லாம் முடிந்து, மாலையும் கழுத்துமாக ஒரு பெரிய மனிதர் வந்து கயிற்றை இழுத்தார். முன்பாதித் துணி சரிந்து விழுந்தது. பின்பாதி ரிக்ஷாவின் கூண்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

கூட்டம் கைதட்டியது. கைரிக்ஷாவின் இரண்டு கழிகளையும் பிடித்துக்கொண்டு ஒருவன் பாய்ந்து ஓடினான். தலையில் முண்டாசு. மடித்துக் கட்டிய வேட்டி. கெண்டைக்கால் நரம்புகூடத் தெரிந்தது.

வெள்ளைத்துரை அந்த முகத்தில் முதலில் தேடியது மீசையை. மீசை இல்லை. அதற்கு மேல் அவன் பார்க்கவில்லை.

"மீசை எங்க மச்சி?" என்றான் ஷாஹுல் ஹமீது. "சிமெண்டு பத்தலியா?"

ஸ்டாண்டே சிரித்தது. வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டான். எட்டு நாள் சவாரியை விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்ததெல்லாம் எதற்கு? மாஸ்டர் எவனையோ மனதில் வைத்துக்கொண்டு தன்னை ஏன் கூப்பிட வேண்டும்? நாளைக்கு ஸ்டாண்டில் எப்படி வண்டியைப் போடுவது?

"வா புஷ்பம், பூடலாம்."

அவள் நகரவில்லை. "இருய்யா. துணி இன்னும் பாதி கீதே."

"மொகம் தெரிஞ்சிபோச்சு. இன்னும் இன்னாத்தப் பாக்கறது?" அவன் திரும்பி நடக்கப் பார்த்தான். புஷ்பம் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அதற்குள் ஒரு தொழிலாளி ஏணி போட்டு ஏறி, மாட்டிக்கொண்ட துணியை விடுவித்துக் கீழே தள்ளினான்.

ஷாஹுல் ஹமீதின் சிரிப்பு பாதியில் நின்றது. "யம்மா" என்றாள் புஷ்பம். அவள் குரலைக் கேட்டுத்தான் வெள்ளைத்துரை நிமிர்ந்தான்.

ரிக்ஷாவின் இருக்கையில் கால்மேல் கால் போட்டு, ஒரு கையைப் பின்னால் சாய்த்து, முறுக்கிய மீசையுடன் ஜம்மென்று சவாரி போய்க்கொண்டிருந்தான் வெள்ளைத்துரை.

கீழே நின்ற வெள்ளைத்துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை இழுப்பவனின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்: இரண்டு காலும் நேராக, மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தவர் கல்யாணராமன்.