முன்சக்கரம்

சூசைமணிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சின்னச் சக்கரம். அவருடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று உப்புக்காற்றில் துருப்பிடித்து உடைந்துபோயிருந்தது. அன்றிலிருந்து, கவிழ்ந்துவிடாமல் சுவரையோ ஆளையோ பிடித்தபடிதான் நகர்கிறார். சைக்கிள் கடைகளில் அந்த அளவே கிடையாது. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், "சக்கரம் மட்டும் குடுக்கத் திட்டம் இல்ல அண்ணாச்சி, முழு நாற்காலிதான்" என்றார்கள். "உங்க நாற்காலி என் வீட்டு வாசல்லயே நுழையாதுய்யா!" என்று அவர் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. நாற்காலி வழங்கும் விழாவுக்கு வரச் சொன்னார்கள். மேடைக்குப் படிகள் இருந்தன. நான்கு பேர் அவரை உடைந்த நாற்காலியோடு சப்பரம் தூக்குவதுபோல் தூக்கி வைத்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது நாற்காலி, சந்தனப் பொட்டும் மாலையுமாக நின்றது. சிறப்பு விருந்தினர் அதன் கைப்பிடியில் கை வைத்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "அதுல மாறி உக்காருங்க, படம் நல்லா வரும்" என்றார் போட்டோகிராபர். சூசைமணி மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். குனிந்து, மாலையை ஒதுக்கி, புது நாற்காலியின் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினார். "யோவ், என்னய்யா பண்ற?" என்று யாரோ பதறுவதற்குள் சக்கரம் கையோடு வந்துவிட்டது. நாற்காலி சாய, சிறப்பு விருந்தினர் இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்தார்.

"விட்டுராதீங்க, கவுந்துரும்" என்றார் சூசைமணி, சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு. "ரெண்டு வருசமா நான் இப்படித்தான் பிடிச்சிட்டிருக்கேன். தம்பி, இப்ப எடுங்க போட்டோவ."