துரைக்கு வந்த செய்தி

"எல்லாம் உன் மறதிதான் பாப்பா," என்றாள் அண்ணி, பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே. "ரெண்டு மாசமா பழைய ஆளுங்க ஒருத்தரையும் காணோம். செடி வாங்கிட்டுப் போனவங்களுக்கு ஒழுங்கா மெசேஜ் போட்டியா?"

பாப்பா கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதாகியும் அண்ணிக்கு நாத்தனார் பாப்பாதான். செடிக் கடைக்கு வருகிறவர்களுக்கோ, அண்ணி எல்லோருக்கும் அண்ணி.

அண்ணன் போன பிறகு இரண்டு பேருமாகத் தொடங்கிய கடை, பன்னிரண்டு வருஷமாகிறது. செடி விற்ற ஏழாம் நாள் 'செடி எப்படி இருக்கு?' என்று பாப்பா ஒரு மெசேஜ் போடுவாள். ஆறாம் மாதம் 'தொட்டி மாத்தணும், கொண்டு வாங்க' என்று இன்னொன்று. அந்த இரண்டு வரிக்காகவே திரும்பத் திரும்ப வந்தவர்கள் நாலாயிரம் பேர்.

இப்போது வாசல் மணி நாளைக்கு நாலு தடவை அடித்தால் அதிகம். இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

மறதிக்கு மருந்தாக, தானாகவே மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிவிடுவது என்று பாப்பா முடிவு செய்திருந்தாள். மூன்றைப் பொறுக்கி ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தாள்.

"முதலாவது பெரிய கம்பெனிக்காரங்களுக்குத்தான் கட்டுப்படியாகும் அண்ணி. நூறு வேலை செய்யுமாம். நமக்கு வேண்டியது ரெண்டு."

"அப்ப விடு."

"ரெண்டாவது பிறந்த நாள் வாழ்த்து மட்டும்தான் அனுப்பும். எந்தச் செடி என்னிக்குப் பொறந்துச்சுன்னு நான் யாரைப் போய்க் கேக்கிறது?"

அண்ணி சிரித்துவிட்டாள். "அதையே வாங்கு. தலைவலி கம்மி. சீக்கிரம் முடி, நாலு மணிக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்."

"இன்னிக்குமா?"

"கண்ணுன்னா சும்மாவா?"

"மூணாவதுதான் நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்காம் அண்ணி. வித்த தேதியைக் குடுத்துட்டா ஏழாம் நாள் அதுவே கேக்குமாம். பதில் வரலேன்னா விடாம மறுபடியும் கேக்குமாம். இனிமேதான் திறந்து பாக்கணும்."

"அது மட்டும் வேண்டாம் பாப்பா!" அண்ணியின் குரல் சட்டென்று ஏறியது. "அந்த மஞ்ச பட்டன்ல தெரியாம கை பட்டுச்சுன்னா நாலாயிரம் பேருக்கும் ஒரே நொடியில போயிடும். அப்புறம் குய்யோ முறையோன்னா திரும்பி வருமா? உன் மறதிக்கு அதெல்லாம் ஒத்து வராது."

மறுபடியும் மறதி. பாப்பா தாளை மடித்து வைத்தாள். ஆனாலும், கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது என்று சொல்லும் அண்ணியே இவ்வளவு பதறுகிறாள் என்றால், கடையின் மேல் அத்தனை அக்கறை என்றுதானே அர்த்தம்?

அண்ணி தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனதும், பாப்பா மூன்றாவதைத் திறந்தாள். ஒரு வாரம் இலவசமாகப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றினாள். வலது மூலையில் 'எல்லோருக்கும் அனுப்பு' என்று மஞ்சள் பட்டன். அதன் பக்கமே போகாமல், 'ஒருவருக்கு மட்டும்' என்பதை அமுக்கித் துரையைத் தேடினாள்.

துரை, கடைப் பூனை. உர மூட்டையின் மேல் சாய்ந்து படுத்து, வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பதால் வந்த பெயர். பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்த காலத்திலேயே, என்றைக்காவது சோதித்துப் பார்க்க உதவும் என்று கடையின் பழைய போன் நம்பரைத் துரையின் பெயருக்கு எழுதி வைத்திருந்தாள். கேலி செய்வாளே என்று அண்ணியிடம் சொல்லவில்லை. அந்தப் போன் மேஜை டிராயரில் சார்ஜிலேயே கிடக்கும். மணி அடித்தால் எடுப்பதோடு சரி.

அனுப்பினாள். டிராயர் கிர்ரென்று அதிர்ந்தது.

"மெசேஜ் வந்துடுச்சுடா துரை!" பாப்பா சின்னப் பெண்போல் துள்ளி எழுந்தாள். துரை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

அவள் அனுப்பியது வந்திருந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனபோது, துரையின் பெயர் போட்டு இன்னொன்றும் கிடந்தது. தேதி, சரியாக இரண்டு மாதத்துக்கு முந்தியது.

'வணக்கம் துரை. உங்க செடி எப்படி இருக்கு? பழைய கடையை மூடுறோம். பாலத்துக்குப் பக்கத்துல புதுக் கடை திறந்தாச்சு. இனிமே செடியும் தொட்டியும் அங்கதான். மறக்காம வாங்க.'

அடியில், அனுப்பியவர் பெயராக ஒரே ஒரு சொல். பாப்பா அதை மூன்று தடவை படித்தாள். தனக்கு மறதி இல்லை என்று தெரிந்தும் சந்தோஷப்பட முடியவில்லை.

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"என்ன பாப்பா அங்க சத்தம்? யாரு மெசேஜ் போட்டிருக்கா?"

பாப்பா போனைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"நீங்கதான் அண்ணி."