நடுவில் நிற்பவள்

பொதுத்தேர்வுக்கு முன்னால் புள்ளியியலை அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, ஜெசிந்தா டீச்சர் பத்தாம் வகுப்புப் பெண்களை வராந்தாவில் உயர வரிசையில் நிற்கவைத்தார். வரிசையின் நடு மதிப்பான இடைநிலை அளவை எப்போதும் இப்படித்தான் நடத்துவார். போன வருடம் ஒன்பதாம் வகுப்பில் இவர்களுக்கு நடுவில் நின்றவள் பேச்சித்தாய். அவளைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். கோடு இன்னும் இருக்கிறது. பேச்சித்தாய் கோடை விடுமுறையில் குளத்தில் மூழ்கிப்போனாள்.

"நடுவுல நிக்கிறவ முன்னால வா," என்றார் டீச்சர், பழக்கத்தில்.

யாரும் வரவில்லை. நடுவில் உமைபாவும் செண்பகமும் நின்றார்கள். இருவருக்கும் இடையில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

"நெருங்கி நில்லுங்கம்மா."

"இடிக்குது டீச்சர்," என்றாள் உமைபா.

டீச்சர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் இரட்டைப்படையில் இருந்தால் நடு இருவரின் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வகுத்தார்கள். வந்த உயரத்தில் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. டீச்சர் சுவரில் டேப்பை வைத்து அளந்து கோடு போட்டார். அது பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே விழுந்தது.

எல்லோரும் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தார்கள்.

"வளந்துட்டா டீச்சர்," என்றாள் செண்பகம். பிறகு பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே, இன்னும் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து நின்றாள்.