கழுகு மேசை

"வாத்தா? என் பொண்ணு வாத்துக் கூட்டத்துலயா இருக்கா?"

வென்டல் டிராஸ்க் உட்கார்ந்திருந்தது ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான நாற்காலியில். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அந்த நிலையில் கோபப்படுவது சிரமம்தான், இருந்தும் அவர் விடவில்லை. நவம்பர் மாதப் பெற்றோர் சந்திப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம். அவருக்கு எட்டு நிமிடம் வாத்திலேயே போய்விட்டது.

டீச்சர் ஹாகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்து நாலு வருடமாக அதே வகுப்பு, அதே முறை. வாசிப்பு நேரம் வந்தால் பிள்ளைகள் கழுகு, கரடி, ஆந்தை, வாத்து என்று நாலு கூட்டமாகப் பிரிவார்கள். கால் மணிக்கு ஒருதரம் டீச்சர் மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். ஒரு மேசையில் ஹெட்போன் மாட்டிக் கதை கேட்பது, இன்னொன்றில் எழுத்துக் கட்டைகளை அடுக்குவது, மூலை மெத்தையில் சாய்ந்து தானே படிப்பது, டீச்சர் கூப்பிடுகிற நாளில் அவரோடு உட்கார்ந்து சத்தமாக வாசிப்பது. அந்த ஒரு மணி நேரமும் வகுப்பறை சந்தைக் கடைதான்.

"எல்லாக் கூட்டமும் ஒண்ணுதான் வென்டல். பேருதான் வேற வேற."

"அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் டீச்சர். நானும் இதே ரூம்ல உங்ககிட்டப் படிச்சவன்தானே. நான் எந்தக் கூட்டம்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர், மெதுவாக.

"கழுகு. முதல் நாள்லேர்ந்து கடைசி நாள் வரைக்கும் கழுகு. மத்த பசங்க வருவாங்க, போவாங்க. என்னை மட்டும் அசைக்க முடியல."

"ஆமா. நானும் எவ்வளவோ பாடுபட்டேன்."

"மத்தவங்களை வாரத்துக்கு ரெண்டு நாள்தான் உங்க மேசைக்குக் கூப்பிடுவீங்க. எங்களைத் தினமும் கூப்பிடுவீங்க. அதை நான் மறக்கல டீச்சர். நீ என்னத்தைப் படிச்சுக் கிழிச்சேன்னு நான் வேலை பாக்குற டயர் கடையில எவனாவது நக்கல் பண்ணா, இதைச் சொல்லித்தான் வாயை அடைப்பேன்."

வாழ்க்கையில் அவர் ஜெயித்த ஒரே இடம் அந்த மேசைதான்.

"போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல என் தங்கச்சி புருஷன் ரிக், அவன் பையன் கழுகுக் கூட்டம்னு ஊருக்கே கேக்குற மாதிரி பீத்திக்கிறான். பூட்ஸைக் கால் மாத்திப் போடுற பய அந்தப் பொடியன். அவன் கழுகு, என் ஜோசி வாத்தா? நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கிறது?"

"யாரு எந்த நிலையில இருக்காங்கன்னு பெத்தவங்ககிட்ட நான் சொல்லக் கூடாது, அது இங்க விதி. ஆனா ஒண்ணு சொல்றேன், கேளு. அவ இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"முடியாது. எழுதியே கொடுக்கிறேன், மாத்துங்க."

டீச்சர் பெருமூச்சு விட்டு ஒரு தாளை நகர்த்தினார். வென்டல் அதைப் படிக்கவெல்லாம் இல்லை, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் என்னமோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வென்டல் நாற்காலியிலிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நடைபாதை பெஞ்சில் ஜோசி தலையணை கனத்துக்கு ஒரு புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தாள்.

"நாளையிலேர்ந்து நீ கழுகு" என்றார். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தார்.

ஜோசி புத்தகத்தை மூடினாள். "என்னப்பா பண்ணி வச்சிருக்க? அது இன்னும் எழுத்துக்கூட்டக்கூட வராதவங்க கூட்டம். அவங்க சோர்ந்து போயிடக் கூடாதுன்னுதான் டீச்சர் அவங்களுக்குப் பெரிய பேரா வச்சு, தினமும் பக்கத்துல உக்கார வச்சுக்கிறாங்க."

வென்டல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? எல்லாருக்கும் தெரியும்ப்பா. கழுகுங்களுக்கு மட்டும்தான் தெரியாது."