கிடாயின் காது

அன்று பெருமாநல்லூர் அம்மன் கோயிலில் இருந்தவர்கள் மாரப்பன், அவர் மனைவி மயிலாள், பங்காளி கன்னையன், பூசாரி கிட்டுசாமி. மகள் சித்ரகலா வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றாள். நடுவில் ஒரு கறுப்புக் கிடாய்.

சித்ரகலா வேறு சாதி டெய்லரைக் கட்டிக்கொண்டு வேலம்பாளையத்துக்குப் போனவள். "இனி அவ எம்பட ஊட்டு வாசப்படி மிதிக்கப்படாது" என்று மாரப்பன் ஊரறியச் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை அவர் திரும்ப எடுத்ததில்லை.

போன மாதம் அந்த டெய்லர் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவள் வயிற்றில் ஆறு மாதம்.

ஆத்தாளிடம் கேட்டுவிடலாம் என்று பங்காளிகள் பேசி முடித்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடாய் உடம்பை உதறினால் அவளைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு. உதறாவிட்டால் மாரப்பனுக்கு மகள் இல்லை.

மாரப்பன் ஒப்புக்கொண்டது பக்தியால் அல்ல. காதில் தண்ணீர் போனால் எந்தக் கிடாயும் உதறும், இதில் ஆத்தா எங்கே வந்தாள் என்று தன் நிட்டிங் கம்பெனியில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேலி பேசியவர் அவர். எப்படியும் உதறும். மகள் வந்துவிடுவாள். அவர் சொல்லும் கெடாது.

கிட்டுசாமி ஊற்றினார். கிடாய் நின்றது.

இன்னொரு சொம்பு. தண்ணீர் காது வழியே ஒழுகித் தரையில் சொட்டியது. கிடாய் அசைபோட்டது.

"காதுல தண்ணி போனாப் போதும்னீங்களேங்ணா?" என்றார் கன்னையன்.

மயிலாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. சித்ரகலா அப்பனைப் பார்க்கவில்லை. கிடாயையே பார்த்தாள்.

மாரப்பனுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. காதில் ஊதினாலும் உதறும் என்பது அவருக்குத் தெரியும்.

துண்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். வாய் கிடாயின் காதருகே போனது.

கிடாய் தலை முதல் வால் வரை உதறியது. அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள்.

மயிலாள் குலவையிட்டாள். சித்ரகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

மாரப்பன் காதில் ஊதி ஆத்தாளை ஏமாற்றிவிட்டார் என்று வேலம்பாளையம் வரைக்கும் பேச்சு. அது பொய்.

ஊதத்தான் குனிந்தார். ஊதவில்லை.

"தப்பு எம்மேல. புள்ளைய உள்ள உடு ஆத்தா" என்றார்.